சிடிராம் என்று தொடங்கும் ஒரு வரி

சென்ற மழைக்காலத்தில், நெருளில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு சிறு தடங்கல் நேர்ந்தது. தாராவியில் பதிவுசெய்த பேச்சுத்தமிழ் ஒலிக்கோப்புகளைப் பழைய மடிக்கணினி ஒன்றில் சேர்த்துவைத்து, அங்கிருந்து வேறொரு கணினிக்கு வலைவழி அனுப்ப எண்ணினேன். அதற்கு ஓபன்எஸ்எஸ்எச் வேண்டும். டெபியனை முழு டிவிடி படிமத்திலிருந்து, இணையத் தொடர்பின்றியே நிறுவியிருந்தேன். பிறகு கைப்பேசியைக் கேபிளால் இணைத்து, நிறுவும் கட்டளையை இட்டேன். இணையம் கிடைத்த பிறகும் கணினி இணையத்தை நாடவில்லை. இன்ன பெயருடைய வட்டைச் செருகி என்டர் விசையை அழுத்துமாறு கேட்டது. அந்த மடிக்கணினியில் வட்டு செருக இடமே கிடையாது.

மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட் பார்த்துக்கொள்ளும் பட்டியற்கோப்பில் 'சிடிராம்' என்று தொடங்கும் வரி ஒன்று மட்டுமே இருந்தது. அதன் முன் # குறியிட்டு முடக்கி, இணையக் களஞ்சியத்தின் முகவரியை எழுதி, பட்டியலைப் புதுப்பித்ததும் வேலை முடிந்தது. ஆனால் அந்த வரி மனத்தை விட்டு அகலவில்லை. பேச்சில் வழக்கொழிந்தும் சில தொடர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய உருபைப் போல, அது ஒரு வரலாற்றின் எச்சம்.

லினக்ஸ் களஞ்சியங்களின் வரலாறு வழக்கமாக இப்படிச் சொல்லப்படுகிறது: 1993இல் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார், 1999இல் வந்த டெபியன் 2.1 பதிப்பில் ஆப்ட் இடம்பெற்றது. அதன்பின் ஒரு மென்பொருள் சார்ந்திருக்கும் பிற மென்பொருள்களையும் கணினியே தேடி இறக்கிக்கொண்டது. இக்கதையில் வலை என்பது முன்பே இருக்கும் ஒன்று. வட்டு ஓர் அடிக்குறிப்பு. பம்பாயிலிருந்து பார்த்தால் வரிசை தலைகீழாகிறது.

ஜுஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், 1986இல் தொடங்கிய எர்னெட் வலையமைப்பின் உறுப்பு நிறுவனங்களுள் ஒன்று. ஆனால் அந்த வலை கல்வியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. மலிவான கணக்கில் எழுத்துகள் மட்டுமே தெரியும். முழு இணைப்புக்குக் கட்டணம் மிக அதிகம். அடுத்த ஆண்டு, 1996இல், அதுல் சிட்னிஸின் முயற்சியால் பிசி குவெஸ்ட் இதழ் ஸ்லாக்வேர் லினக்ஸ் அடங்கிய குறுவட்டை வாசகர்களுக்கு வழங்கியது.

ஸ்லாக்வேரில் மென்பொருள்கள் எழுத்துவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 'என்' வரிசை வலையமைப்புக்குரியது. மோடம் வழியே இணைய பிபிபி என்னும் நிரல் தேவை. வலைக்குள் நுழைய உதவும் அந்நிரலை வலையிலிருந்து எப்படிப் பெறுவது? இந்த முடிச்சை அவிழ்த்தது இதழோடு வந்த வட்டு. ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பதை ஸ்லாக்வேர் சரிபார்க்காது. எது குறைகிறது என்பதைப் பயனரே பிழைச்செய்தியிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தலைமுறை நூலகக் கோப்புகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வதன் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

ஆப்ட் வந்த பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. வட்டையே களஞ்சியமாகச் சேர்க்கும் கட்டளை அதனோடு வந்தது. 2005இல் வெளியான டெபியன் 3.1 மொத்தம் 14 குறுவட்டுகள். உபுண்டு தன் வட்டுகளை 2011 ஏப்ரல் வரை கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆக, களஞ்சியம் என்பது பலருக்கும் சென்றடையும் இடமாக இருக்கவில்லை; கைமாறி வந்து சேரும் சரக்காகவே இருந்தது.

இதற்கு இன்னொரு சான்று பவாயில் உள்ளது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டம், உபுண்டு 10.04இல் சினாப்டிக் வழியாக மென்பொருள் நிறுவும் முறையைக் கற்பிக்கிறது. அதில் நிறுவலுக்கு முன்பே பிராக்ஸி அமைப்பைச் சொல்லித் தருகிறார்கள். ஒரே வாயில் வழியாக வெளியுலகைத் தொட்ட கல்விவளாகக் கணினிகளின் நிலை அப்பாடத்தில் பதிந்திருக்கிறது.

தமிழில் 'பொதி' என்றும் 'தொகுப்பு' என்றும் இரு வழக்குகள் உள்ளன. நான் பொதியின் பக்கம். தொகுப்பு ஓரிடத்தில் இருப்பது. பொதி சுமந்து செல்லப்படுவது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களுக்குப் புலி முத்திரை இடும் இடத்திலேயே இச்சொல் வருகிறது. முத்திரை இருந்தால், சுமந்து வந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. 2007இல் வெளியான டெபியன் 4.0 முதல் ஆப்ட் செய்வதும் ஏறக்குறைய இதுவே: பட்டியலின் மேல் மின்கையொப்பம், பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண். பொதி எந்த வழியாக வந்தாலும், இடையில் எவரேனும் மாற்றியிருந்தால் தெரிந்துவிடும். அதற்கு முன் கைக்குக் கை நகலெடுக்கப்பட்ட வட்டுகளுக்கு, பெற்றவர்கள் கொடுத்தவரையே நம்ப வேண்டியிருந்தது.

பழைய முடிச்சு முற்றிலும் அவிழ்ந்துவிட்டதா என்றால், இல்லை. கம்பியில்லா வலைச்சில்லு பலவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்றதல்ல என்பதால் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்றினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது உடன் வருகிறது. கொள்கையில் உறுதியானவர்கள் இதைச் சறுக்கலாகக் கருதலாம். கேபிள் இணைப்பும் இல்லாத அறையில் தனியே உட்கார்ந்து நிறுவும் மாணவரின் பக்கமிருந்து பார்க்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டெபியனின் பழைய பதிப்புகள் அதன் ஆவணக் களஞ்சியத்தில் இன்றும் கிடைக்கின்றன. இதழ்களோடு வந்த வட்டுகளின் நிலை வேறு. அவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது இங்குள்ளோர் செய்த தெரிவு. வரலாற்றாய்வுக்கு அத்தெரிவுதான் முதன்மைச் சான்று. வட்டின் மேற்பூச்சோ ஆண்டுதோறும் சிதைகிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ, வேறெங்கேனுமோ, 1996 முதல் 2005 வரையிலான லினக்ஸ் வட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தால், எறிந்துவிடாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வட்டு வாசிக்கும் கருவியோடு நானே வந்து படிமம் எடுத்துக்கொண்டு, வட்டை உங்களிடமே திருப்பித் தருகிறேன். உறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை; உறைமேல் எவரேனும் பேனாவால் எழுதிவைத்த குறிப்பு இருந்தால் அதுவும் வேண்டும்.