பாகான் டத்தோவில் பிள்ளைகளோடு வெளியே போகிறீர்களா? முதலில் நாள்காட்டியைப் பாருங்கள்

பாகான் டத்தோ என்றதும் உங்களுக்கு ‘ஸ்கை மிரர்’ படங்கள்தான் ஞாபகம் வரும். கடல் நடுவே மணல் திட்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரி தண்ணீர், மேலும் கீழும் வானம். ஆனால் படகு எடுக்காமலேயே, செலவில்லாமல் பிள்ளைகளுக்குக் காட்ட இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது. எப்போது போவது, எதைப் பார்ப்பது, எதில் கவனமாக இருப்பது என்று பார்ப்போம்.

பேராக் ஆற்றின் முகத்துவாரத்துக்கும், சிலாங்கூர் எல்லையாக ஓடும் பெர்னாம் ஆற்றுக்கும் இடையில் இருக்கிறது பாகான் டத்தோ. முன்பு ஹிலிர் பேராக்கின் பகுதியாக இருந்து, 2017-இல் தனி மாவட்டமானது. கரையோரம் சதுப்புநிலக் காடு, உள்ளே தென்னையும் செம்பனையும்.

நாள்காட்டி எதற்கு?

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி போட்டிருக்கும், இல்லையா? அந்த நாட்களில் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. சூரியனின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் சேர்வதால் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நன்றாக வற்றும்போதுதான் மணல் திட்டு வெளியே தெரியும். ஸ்கை மிரர் பயணங்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடப்பது இதனால்தான்.

புலாவ் செம்பிலான் தீவுகளில் தெரியும் நீல ஒளிக்கும் இருட்டு வேண்டும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அலையில் அசையும்போது ஒளி விடுகின்றன. நிலா வெளிச்சம் இருந்தால் அது எடுபடாது. அதற்கு அமாவாசைதான் சரி.

ஒரு எச்சரிக்கை. அதே நாட்களில்தான் கடல் கரையைத் தாண்டி ஏறும் ஆபத்தும் அதிகம். ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றல். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். “நேத்து நாலு மணிக்கு வத்துச்சு, இன்னிக்கும் அப்படித்தான்” என்று போகாதீர்கள். ஜூப்பெம் என்ற நில அளவைத் துறை கடல் ஏற்ற இறக்க அட்டவணை வெளியிடுகிறது. அதில் அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கரையோரத்தில் என்ன பார்க்கலாம்?

கடல் வற்றிய பிறகு, சேற்றில் இறங்காமல் கரையில் நின்றே பத்து நிமிடம் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் அமைதியானதும் சேறு அசைய ஆரம்பிக்கும்.

ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டு அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். அது ஆண் நண்டு. பெண்ணை அழைக்கவும் மற்ற ஆணை விரட்டவும் அப்படிச் செய்கிறது. மலாயில் பெலாச்சாக் எனப்படும் மீன் சேற்றின்மேல் துள்ளி ஓடும். ஈரத் தோல் வழியாகவும் சுவாசிப்பதால் தண்ணீருக்கு வெளியே அதனால் இருக்க முடிகிறது.

பாக்காவ் மரம் கால் ஊன்றிய மாதிரி வேர் விடும். அப்பி-அப்பி மரத்தின் வேர்கள் பென்சில் நட்டு வைத்த மாதிரி சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும். சேற்றில் காற்று குறைவு, அதனால் அவை மூச்சுவிடும் வேர்கள். பிள்ளைகளிடம் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். “வேர் ஏன் மேல பார்த்து வளருது?” என்று கேட்டுப் பாருங்கள்.

பொங்கலுக்கு 15 நிமிடம்

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியோ, வயலோ, பள்ளித் திடலோ, எங்காவது குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் செயலியில் பதிவு செய்கிறார்கள். செயலி இலவசம், உலகில் எங்கிருந்தும் பதியலாம். அப்படியென்றால் நாமும் செய்யலாமே?

பாகான் டத்தோவுக்கு ஜனவரி நல்ல நேரம். சைபீரியா போன்ற வடபகுதிகளிலிருந்து வரும் கரைப்பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை நம் மேற்குக் கரையில் தங்கி இரை தேடும். அவை எவ்வளவு தூரம் பறக்கின்றன தெரியுமா? 2022-இல் மூக்கான் வகைப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் நிற்காமல் பறந்தது. இப்படிப்பட்ட பறவைகளுக்கு நம் சேற்று நிலம் வழியில் இருக்கும் சாப்பாட்டுக் கடை மாதிரி. நாம் விரட்டினால் சாப்பிடாமலேயே அடுத்த பயணம் போக வேண்டியதுதான். தூரத்தில் நின்று பாருங்கள்.

தோட்டத்திலேயே இருக்கிறீர்களா?

செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி பார்த்திருப்பீர்கள். அது கூகைக்கு வைத்த கூடு. கூகை எலியைத் தின்னும், விஷ மருந்தின் தேவை குறையும். “ஆந்தை கத்தினா கெட்டது” என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தப் பறவை தோட்டத்தில் வேலை பார்க்கிறது என்று காட்டலாம். பெட்டியைத் தொட வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

பள்ளிகளுக்கு

மலேசிய இயற்கைக் கழகம் 1940-இல் தொடங்கியது. அதன் பள்ளி அமைப்பான கெலாப் பெஞ்சிந்தா ஆலாம் 1991 முதல் இயங்குகிறது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பேருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லையா? பள்ளித் திடலில் ஒரே மரத்தை மாதம் ஒருமுறை பார்த்து, வரைந்து, எழுதி வந்தாலே ஓராண்டில் நல்ல பாடம். வெளியே கூட்டிப் போவதென்றால் பெற்றோரின் ஒப்புதலும் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கிளம்பும் முன்

- சேற்றில் நடக்க வேண்டாம். பெரியவர்களுக்கே கால் புதைந்துவிடும்.
- படகில் ஏறினால் பிள்ளையின் அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு அங்கி கட்டாயம். பெரியவர் அங்கி சின்னப் பிள்ளையின் தலை வழியே கழன்றுவிடும்.
- காலை 10 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு போங்கள். தண்ணீர், தொப்பி, மூடிய காலணி வேண்டும்.
- புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை வேண்டாம்.
- தேங்கிய நீரில் எலிச் சிறுநீர்க் கிருமி இருக்கலாம். காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள். திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கால் கழுவுங்கள். சில நாளில் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் அல்லது காருக்குள். அவசரத்துக்கு 999.

இவ்வளவு சிரமப்பட்டுப் போகணுமா?

போகணும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவு தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிட்டப்பார்வைக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு உண்டு. தைவான் 2010 முதல், மாணவர்கள் நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க வேண்டும் என்று பள்ளிகளை ஊக்குவிக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கரையில் சதுப்புநிலக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கிறது, மண் அரிப்பைக் குறைக்கிறது, மீன் குஞ்சுகள் வளர இடம் தருகிறது. அந்த மரத்தின் பேர்கூடத் தெரியாமல் வளரும் பிள்ளை, அதை வெட்டும்போது ஏன் என்று கேட்காது.

அடுத்த அமாவாசை என்றைக்கு? நாள்காட்டியை எடுத்துப் பிள்ளையிடமே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.