பிசிஷியன் அசிஸ்டென்ட்
மருத்துவருடன் இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித்தரும் அமெரிக்க மருத்துவப் பணியாளர். 1965இல் டாக்டர் யூஜின் ஸ்டெட், வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணி பார்த்தவர்கள். 1967இல் மூவர் தேறினர். ஊர் திரும்பியதும் வீணாகிக்கொண்டிருந்த அந்தக் கடற்படை அனுபவத்துக்கு வழி கண்டதே ஸ்டெட்டின் கூர்மை.

ஆனால் இத்தொழிலை மருத்துவரில்லாத சிற்றூர்ப் பக்கம் திருப்பியதில் பெரும்பங்கு ரிச்சர்ட் ஸ்மித்துக்கே உரியது. நைஜீரியாவில் பணியாற்றித் திரும்பிய இந்த மருத்துவர், 1969இல் சியாட்டிலில் ‘மெடெக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். சில மாத வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கிராமப்புற மருத்துவர்களிடமே பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். வேலை எங்கே தேவையோ அங்கேயே படிப்பு. நர்ஸாக இருந்த ஜாய்ஸ் நிக்கல்ஸ் 1970இல் டியூக்கில் தேறி, இத்துறையின் முதல் பெண் பட்டதாரி ஆனார். கறுப்பினத்தவரான அவர் டியூக் இருக்கும் டர்ஹாம் வட்டாரத்தின் ஏழை மக்களிடையே பணிபுரிந்தார்.

நல்லெண்ணம் மட்டும் கிளினிக்கை நடத்திவிடாது. 1977ஆம் ஆண்டின் கிராமப்புற கிளினிக் சட்டம், பிசிஷியன் அசிஸ்டென்ட்கள் அளிக்கும் சிகிச்சைக்கு மெடிகேர், மெடிகெய்ட் ஆகிய அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தர வழிசெய்தது. மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளில் பணியாற்ற ஒப்புக்கொள்வோரின் கல்விக்கடனை அடைக்கத் தேசிய சுகாதாரச் சேவைப் படை உதவுகிறது. இவர்கள் மருந்து எழுதும் அதிகாரத்தின் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.