கைமாறி வந்த வானொலிப் பெட்டிகள்



சென்ற இதழில் நம் பரங்கிப்பேட்டையில் ஹீத் துரை 1830-ல் தொடங்கிய இரும்பாலையைப் பற்றிப் பார்த்தோம். இந்த முறையும் இரும்பு, செம்பு, அலுமினியம் சம்பந்தப்பட்ட விஷயம்தான். ஆனால் இது நம் கண்ணெதிரே கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருப்பது: பழைய ஹாம் ரேடியோ பெட்டிகள்.

ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி என்பது, தேர்வு எழுதி அரசு உரிமம் பெற்ற ஒருவர் தன் வீட்டிலிருந்தே வேறு ஊர்க்காரரோடும் வேறு நாட்டுக்காரரோடும் வானொலி வழியாகப் பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. இந்தியாவில் 1921-ல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்துதான் முதலில் செய்தார். அவருடைய அழைப்புக்குறி 2ஜேகே. செல்போன் வந்தபின் இது எதற்கு என்று கேட்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

இந்தப் பெட்டிகளின் கதையில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று. நம் பக்கத்தில் வானொலி வளர்ந்ததே பெரும்பாலும் பழைய சாமானில்தான். அக்கரையிலிருந்து தொடங்குவோம். 1923-ல் கொழும்பில் தந்தி இலாகாவின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். மத்தியத் தந்தி அலுவலகத்தில் ஒரு சின்ன அறை, கிராமபோன் இசை, அவ்வளவுதான். ஒலிபரப்பிய கருவி? பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்த வானொலிச் சாமான்களை வைத்து இலாகா பொறியாளர்களே கட்டியது. கப்பலை மூழ்கடிக்க உத்தரவு வாங்கிக்கொண்டிருந்த உதிரிகள் கொழும்பில் இசைத்தட்டு வாசித்தன. 1925 டிசம்பரில் அங்கே முறையான ஒலிபரப்பே வந்துவிட்டது.

இக்கரையில் சென்னை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஜூலை 31-ல் எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து ஒலிபரப்பும் தொடங்கியது. அரசுப் பணம் கிடையாது, ஆர்வம்தான் முதல். ஆர்வம் மட்டும் கரண்ட் பில் கட்டாது என்பது நம் சங்கப் பொருளாளருக்கு நன்றாகத் தெரியும். 1927-ல் பணமுடையால் கழகம் மூடப்பட்டது. ஆனால் கருவியை யாரும் எடைக்குப் போடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் வானொலி இல்லாதவர்கள் மெரினாவில் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி சென்னையில் பொறுப்பேற்கும் வரை இந்த ஏற்பாடு நடந்தது. அந்தக் கழகத்தார் பெட்டியைப் பிரித்து விற்றிருந்தால் சென்னை இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1939-ல் இரண்டாம் உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். அமெச்சூர்கள் தங்கள் ஒலிபரப்புக் கருவிகளைப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. எல்லாமே போய்ச் சேர்ந்துவிடவில்லை என்பதற்கு பம்பாய் சாட்சி. 1942 ஆகஸ்ட் 27 அன்று உஷா மேத்தாவும் தோழர்களும் தலைமறைவாகக் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினார்கள். கருவியைக் கட்டித் தந்தவர் நாரிமன் பிரிண்டர் என்ற வானொலி அமெச்சூர். இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பியவர்கள் நவம்பர் 12-ல் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை. ஒரு பெட்டி வைத்திருப்பதே குற்றமாக இருந்த காலம் அது.

போர் முடிந்ததும் காட்சி மாறியது. பர்மாப் போர்முனைக்காகக் கொண்டுவந்து குவித்த தளவாடங்களைத் திருப்பி எடுத்துப்போவது செலவு என்று, அமெரிக்கா 1946-ல் தன் மிச்சச் சாமான்களை இந்திய அரசிடமே ஒப்படைத்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் மிச்சமும் ஏலத்துக்கு வந்தது. நம் பக்கத்து உளுந்தூர்பேட்டையில் பாழாகிக் கிடக்கும் விமான ஓடுதளமும் அதே போர்க்காலத்தின் மிச்சம்தான். சட்டை, பூட்ஸ், ஜீப், தார்ப்பாய் என்று வந்த இவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் 'டிஸ்போசல் சாமான்'. அதில் வானொலிகளும் இருந்தன. பம்பாய் சோர் பஜார், நம் சென்னை மூர் மார்க்கெட் போன்ற பழைய சாமான் சந்தைகள்தாம் அக்கால ஹாம்களுக்குக் கோயில். (மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது. அதற்குப்பின் வந்த தலைமுறைக்கு ரிச்சி தெரு.)

அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிசி-348 என்ற அமெரிக்க ரிசீவர், பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் இருந்தது. விமானத்தின் 28 வோல்ட்டில் ஓடுவது. உள்ளே இருந்த டைனமோட்டர் என்ற சின்ன சுழல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வீட்டு மின்சாரத்தில் ஓட வைத்தார்கள் நம் ஆட்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் விமானத்திலிருந்து ஆர்-1155. டாங்கிகளுக்காகச் செய்த 19-ம் எண் செட் இன்னொன்று. அதில் கனடாவில் தயாரான சிலவற்றின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும். சோவியத் படைக்கு அனுப்புவதற்காக அச்சிட்டது. இன்று எங்காவது பழைய சாமான் குவியலில் ரஷ்ய எழுத்தோடு ஒரு பச்சைப் பெட்டியைப் பார்த்தால் ரஷ்யத் தயாரிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ரிசீவர் இப்படிக் கிடைத்தது. பேசுவதற்கான கருவியைப் பலரும் சொந்தமாகவே கட்டினார்கள். அதற்கு நாயகன் 807 என்ற வால்வு. போர்க்கால மிச்சமாகவும் கிடைத்தது, கல்யாண வீட்டு மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களிலும் இருந்தது. ஆக, ஒலிபெருக்கிக்காரரிடம் பழைய வால்வு கேட்டு வாங்கி வெளிநாட்டோடு பேசியவர்கள் நம் நாட்டில் உண்டு. 1948-ல் மோவ் ராணுவ நகரில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவானது. அங்கேதான் ராணுவத்தின் சிக்னல்ஸ் பயிற்சிப் பள்ளி இருந்தது என்பதைச் சொன்னால் காரணம் புரியும்.

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கடற்கரையில் ஏராளம். அதுவும் கைமாறிய சாமான்தான். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவிய ரேடியோ சியாக் நிலையத்தின் 100 கிலோவாட் கருவி, போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. படைவீரர்களுக்குப் பாட்டுப் போட்ட கருவி, பிறகு நம் வீட்டுத் திண்ணைகளுக்குப் பாட்டுப் போட்டது.

1980-களில் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரிச் சலுகை கிடைத்தது. ராஜீவ் காந்தியே ஒரு ஹாம். அவருடைய அழைப்புக்குறி ஆர்ஜி என்று முடியாமல் எப்படி இருக்கும், வியூ2ஆர்ஜி. அதன்பின் ஜப்பானிய யேசு, கென்வுட், ஐகாம் பெட்டிகள் வந்தன. புதிதாக வந்தபோது விமானப் பெட்டிகளைப் பழசாக்கிய யேசு எஃப்டி-101 இன்று தானே பழம்பொருள் ஆகிவிட்டது.

இவையெல்லாம் இப்போது விற்பனைக்கு வருவது ஹாம்ஃபெஸ்ட் இந்தியா போன்ற ஆண்டுக் கூட்டங்களில். ஊர் மாறி மாறி நடக்கும். அமெரிக்காவில் 1952 முதல் நடக்கும் டேட்டன் ஹாம்வென்ஷன் இந்த வகைச் சந்தைக்கு உலகப் புகழ் பெற்றது. நம்முடையது சிறியது: மண்டபத்தில் சில மேசைகள், விற்பவரும் ஹாம், வாங்குபவரும் ஹாம். வெளிக்கடையில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. விற்றவரை அடுத்த வாரமே அலைவரிசையில் சந்திக்க நேரும் என்பதால் பெரும்பாலானவர்கள் பழுதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பேண்ட் ஸ்விட்சை எல்லா நிலைகளிலும் திருகிப் பாருங்கள். நம் உப்புக் காற்றில் அதன் தொடுமுனைகள்தாம் முதலில் கறுக்கும். அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கடலோரத்தில் கிடந்த பெட்டி. வால்வு போயிருந்தால் தேடி வாங்கிவிடலாம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் யோசியுங்கள். அமெரிக்கப் பெட்டி என்றால் 110 வோல்ட்டா என்று பார்க்காமல் நம் 230-ல் சொருகாதீர்கள். பல ஆண்டு தூங்கிய பெட்டியின் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு வழியாக முதலில் மின்சாரம் கொடுப்பது நல்லது. அணைத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட் நிற்கும். போர்க்கால மீட்டர் முள்ளில் இருட்டில் ஒளிரப் பூசியது ரேடியம், சுரண்டவே கூடாது. ஒலிபரப்பும் கருவியை வைத்திருக்க உரிமம் வேண்டும்; 1933-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். உங்கள் அழைப்புக்குறி என்ன என்று கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

நம் குடியிருப்பு விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடி ஸ்டோர் ரூமைக் காலி செய்ய கமிட்டி எடுத்த கழிவுப் பட்டியலில் 'பழைய ரேடியோ 1, கம்பிச் சுருள் 1' என்று இருக்கிறது. போய்ப் பார்த்தேன். அது சாதாரண ரேடியோ இல்லை, வால்வு போட்ட ரிசீவர். சுருள் என்பது ஆன்டெனாக் கம்பி. செயலாளர் சார் பட்டியலிலிருந்து எடுத்துவைக்க ஒப்புக்கொண்டார். முன்பு இங்கே குடியிருந்தவர்களில் யாருடையது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அந்தக் குடும்பத்தாரிடம் கேட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்த பொதுக்குழுவில் மாடியில் ஆன்டெனாக் கம்பி கட்ட அனுமதி கேட்டு ஒரு மனு வருகிறது. இடி இறங்குமா, டிவி கெடுமா என்று கேட்கட்டும், நியாயமான கேள்விகள். முறையாக எர்த் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதிக்க வேண்டும். கூடவே இரண்டு தேதிகளையும் நினைவில் வையுங்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்சாரமும் போனும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2004 டிசம்பர் 26, நம் கரையைச் சுனாமி தாக்கிய அதே காலையில் அந்தமானும் துண்டிக்கப்பட்டது. ஹாம் ஒலிபரப்புக்காகத் தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் விளையாட்டை நிறுத்திவிட்டு, உறவினர்களைத் தேடும் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்கள். 12 வோல்ட் கார் பேட்டரி இருந்தால் இப்படிப்பட்ட செட் பேசும்.

வீட்டில் பெரியவர் ஹாமாக இருந்து காலமாகியிருந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடும் முன் அருகிலுள்ள ஹாம் கழகத்தைக் கூப்பிடுங்கள். பெட்டியோடு ஒரு அட்டைக்கட்டும் இருக்கும். க்யூஎஸ்எல் அட்டைகள் என்று பெயர்: இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன அலைவரிசையில் உங்களோடு பேசினேன் என்று எதிர்முனைக்காரர் தபாலில் அனுப்பிய சான்று. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அழைப்புக்குறி இருக்கும். பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டிவிடுவதற்கு முன் அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.