காப்புரிமை எண் 1: ஒரு கொடி ரோஜாவின் கதை

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவங்களுக்குக் காப்புரிமை என்றாலே கொஞ்சம் எரிச்சல் வரும். ஒருத்தர் பல வருஷம் உட்கார்ந்து எழுதின புரோகிராம். அதில் ஒரே ஒரு வரி மாறியிருக்கிறது. மாற்றியதுகூட யாரும் இல்லை, தானாக மாறிவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் "இது என்னுடையது" என்று காப்புரிமை வாங்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

இது கற்பனை இல்லை, நடந்த கதை. என்ன, புரோகிராமுக்குப் பதில் ஒரு ரோஜாச் செடி.

அமெரிக்காவில் செடிகளுக்கென்று தனியாக ஒரு காப்புரிமை வரிசை உண்டு. அதில் எண் 1 எதுவாக இருக்கும்? நான் ஆப்பிள், இல்லைன்னா ஏதாவது தானியம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. 1931 ஆகஸ்ட் 18 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் ஊரைச் சேர்ந்த ஹென்றி போசன்பர்க் என்பவருக்கு ஒரு கொடி ரோஜாவுக்காக அந்த முதல் காப்புரிமை கிடைத்தது. ரோஜாவின் பெயர் 'நியூ டான்', அதாவது புது விடியல்.

அந்த ரோஜாவில் என்ன அவ்வளவு பெரிய விசேஷம் என்று புரிய, கொடி ரோஜாக்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொடி இல்லாத கொடி

முதல் விஷயம், ரோஜா உண்மையில் கொடியே இல்லை. அவரை மாதிரி அது தானாகச் சுற்றிக்கொண்டு ஏறாது. பாகற்கொடி மாதிரி பற்றிக்கொள்ள சுருள் கம்பியும் அதற்குக் கிடையாது. நீளமாக வளரும், பக்கத்துச் செடிமேல் சாயும், கீழ்நோக்கி வளைந்த முள்ளால் கொக்கி போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். காட்டில் அது போதும். தோட்டத்தில் நாம்தான் கட்டிவிட வேண்டும்.

இப்படி நீளும் ரோஜாக்களைத் தோட்டக்காரர்கள் முக்கியமாக இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று 'ராம்பிளர்'. வளைந்து கொடுக்கும் மெல்லிய தண்டு, கொத்துக்கொத்தாகச் சின்னப் பூக்கள், அசுர வளர்ச்சி. பெரும்பாலும் வருஷத்தில் ஒரே முறை, சில வாரம் பூத்துக் கொட்டும். பிறகு அடுத்த வருஷம்தான். இன்னொன்று 'கிளைம்பர்'. தண்டு தடிமனாக, விறைப்பாக இருக்கும். பூ பெரிது, எண்ணிக்கை குறைவு. ஆனால் பல வகைகள் சீசன் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் வைத்தால் தோட்டத்தில் சிக்கல்தான். பழைய மரத்தின்மேல் ஏற்றிவிட, நீளமான வேலியை மூட, பெரிய பந்தலை நிரப்ப ராம்பிளர் பொருந்தும். வாசல் வளைவுக்கும் தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் கிளைம்பர்தான் சரி. கவாத்தும் வேறுவேறு. ஒரே முறை பூக்கும் ராம்பிளர், போன வருஷம் வளர்ந்த தண்டில்தான் பூக்கும். அதைப் பூக்கும் காலத்துக்கு முன்னாடி வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டியதாக அர்த்தம். பூத்து முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். திரும்பத் திரும்பப் பூக்கும் கிளைம்பரைக் குளிர் நாடுகளில் குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்வார்கள். முக்கியத் தண்டுகளை விட்டுவிட்டு, பக்கக் கிளைகளை இரண்டு மூன்று மொட்டு அளவுக்குக் குறைப்பார்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு வித்தை உண்டு. தண்டை நேராக மேலே விட்டால் உச்சியில் மட்டும்தான் பூ வரும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன், கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். தண்டைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டிவிட்டால் அந்த அதிகாரம் தளர்ந்து, நீளம் முழுக்க மொட்டுகள் கிளைத்துப் பூக்கும். உயரமாகப் போன ரோஜா பூக்கவில்லை என்றால், உரம் போடும் முன் தண்டை வளைத்துப் பாருங்கள்.

உயரமா, பூவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் மேற்கு நாடுகளை ஆட்டிவைத்த ராம்பிளர் ஒன்று இருந்தது. டோக்கியோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஸ்மித் அதை ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பினார். செடியைப் பெற்றுக்கொண்ட ஜென்னர், அனுப்பியவருக்கு மரியாதையாக அதற்கு 'இன்ஜினியர்' என்று பெயர் வைத்தார். (நம்ம இனத்துக்குக் கிடைத்த ஒரே ரோஜா மரியாதை இதுவாகத்தான் இருக்கும்.) அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஸ்லவ் நகரத்தின் சார்லஸ் டர்னர் 1893-இல் அதை 'கிரிம்சன் ராம்பிளர்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். எங்கு பார்த்தாலும் அந்தச் சிவப்புக் கொத்துதான். ஆனால் அதில் இரண்டு குறை. சாம்பல் நோய் பிடித்தால் இலையெல்லாம் வெள்ளை பூசியது போல் ஆகிவிடும். பூப்பதோ வருஷத்துக்கு ஒரு தடவை.

முதல் குறைக்கு விடை கிழக்காசியாவின் இன்னொரு காட்டு ரோஜாவில் கிடைத்தது. அது 'ரோசா விச்சுரையானா', தரையில் படரும் வகை. இலை பளபளவென்று எண்ணெய் தடவியது போல இருக்கும். இதைப் பெற்றோராக வைத்துப் பிரான்சில் பார்பியே குடும்பமும், அமெரிக்காவில் பலரும் புது ராம்பிளர்களை உருவாக்கினார்கள். 1901-இல் வந்த 'டோரதி பெர்கின்ஸ்' அதில் ரொம்பப் பிரபலம். என்ன ஒன்று, சாம்பல் நோய் அதையும் விடவில்லை.

இரண்டாவது குறைதான் தீரவில்லை. திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜாவையும் ராம்பிளரையும் ஒட்டுச்சேர்த்தால், பிறக்கும் முதல் தலைமுறை ஒரு முறை மட்டுமே பூக்கும். காரணம் பிற்காலத்தில்தான் தெரிந்தது. 2012-இல் ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் கேஎஸ்என் என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். பூப்பதை நிறுத்தும் பிரேக் இது. காட்டு ரோஜாக்களில் வசந்தப் பூ முடிந்ததும் பிரேக் விழும். செடி பூவை விட்டுவிட்டுத் தண்டை நீட்ட ஆரம்பிக்கும். தொடர்ந்து பூக்கும் ரோஜாக்களில் இந்த மரபணுவின் நடுவில் ஒரு வேற்று டிஎன்ஏ துண்டு வந்து உட்கார்ந்து பிரேக்கைச் செயலிழக்கச் செய்துவிட்டது. நம்ம பாஷையில் சொன்னால், கோடின் நடுவில் யாரோ எதையோ பேஸ்ட் செய்து ஒரு ஃபங்ஷனையே வேலை செய்யாமல் ஆக்கிவிட்டார்கள். ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று சரியாக இருந்தாலே பிரேக் வேலை செய்யும். அதனால்தான் முதல் தலைமுறையில் தொடர்பூ மறைந்துவிடுகிறது.

டாக்டரும் அவர் ரோஜாவும்

இப்போது கதையின் முக்கிய மனிதருக்கு வருவோம். வால்டர் வான் ஃப்ளீட். படிப்பால் மருத்துவர். அந்தத் தொழிலை விட்டுவிட்டுச் செடி வளர்ப்பில் இறங்கியவர், பிற்பாடு அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்தார். அவருடைய ஆசை சாதாரணமானது. பணக்காரர் தோட்டத்துக்கு இல்லை, மருந்து அடிக்கவும் குளிருக்குப் போர்த்தவும் நேரமில்லாத சாதாரணக் குடும்பத்தின் வீட்டு முற்றத்துக்கு ஒரு ரோஜா வேண்டும்.

விச்சுரையானாவை 'சஃப்ரானோ' என்ற டீ ரோஜாவோடு சேர்த்தார். அதில் பிறந்ததை இன்னொரு தோட்ட ரோஜாவோடு சேர்த்தார். கிடைத்த செடி 1910-இல் 'டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இளஞ்சிவப்பில் பெரிய பூ, பளபளக்கும் இலை, குளிரைத் தாங்கும் உடம்பு, வீட்டுக் கூரையைத் தொடும் வளர்ச்சி. எல்லாம் சரி, ஆனால் வருஷத்துக்கு ஒரே முறைதான் பூ. வான் ஃப்ளீட் 1922-இல் இறந்தார்.

அதற்குப் பிறகு, நியூ பிரன்ஸ்விக்கில் வளர்ந்த ஒரு 'வான் ஃப்ளீட்' செடி விசித்திரமாக நடந்துகொண்டது. வசந்தம் முடிந்தும் பூத்தது. கோடையில் பூத்தது. இலையுதிர் காலத்திலும் பூத்தது. தண்டின் ஒரு மொட்டில் தானாக நிகழும் இந்த மாதிரி மாற்றத்தை ரோஜாக்காரர்கள் 'ஸ்போர்ட்' என்பார்கள். புதர் ரோஜாவிலிருந்து கொடி ரோஜா வருவதும் இப்படித்தான். 'கிளைம்பிங் ஐஸ்பெர்க்', 'கிளைம்பிங் பீஸ்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. இங்கே நடந்தது வேறு. கொடித்தன்மை பெரும்பாலும் அப்படியே இருக்க, பூக்கும் பழக்கம் மாறிவிட்டது. அதே பூ, அதே இலை. போசன்பர்க் அதைக் கவனித்து, பிரித்தெடுத்து, பெருக்கினார்.

ஆரம்பத்தில் அதற்கு 'எப்போதும் பூக்கும் டாக்டர் வான் ஃப்ளீட்' என்ற அர்த்தத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. நிலைத்தது 'நியூ டான்'தான். பெயரிலிருந்து டாக்டர் காணாமல் போய்விட்டார்.

சட்டம் வந்த நேரம்

ரோஜாவை விதை போட்டுப் பெருக்குவதில்லை, விதையில் குணம் மாறிவிடும். போத்து வெட்டி நடணும், இல்லை மொட்டு ஒட்டணும். வரும் ஒவ்வொரு செடியும் தாயின் அச்சுப் பிரதி. அப்படின்னா, ஒரு புது ரகத்தை முதல் வருஷம் விற்றால், வாங்கியவர் அடுத்த வருஷமே ஆயிரம் செடி செய்து பாதி விலைக்கு விற்கலாம். பத்து வருஷம் உழைத்தவருக்கு முதல் விற்பனையோடு சரி. வான் ஃப்ளீட் காலத்து நிலைமை இதுதான்.

இதை மாற்ற, 1930 மே மாதம் அமெரிக்காவில் தாவரக் காப்புரிமைச் சட்டம் வந்தது. நர்சரிக்காரர்கள் வருஷக்கணக்கில் கேட்டு வாங்கியது. தாமஸ் எடிசன்கூட ஆதரவு தெரிவித்தார். விதையில்லாமல் பெருக்கப்படும் புது ரகங்களுக்கு 17 வருஷ உரிமை. உருளைக்கிழங்கு போலக் கிழங்கால் பெருகுபவை சேர்த்தியில்லை. பெருக்க நடுவதும் சாப்பிடுவதும் அங்கே ஒரே பொருள் அல்லவா?

சட்டத்தின் வாசகத்தில் ஒரு சின்ன சொல்தான் நம்ம கதைக்கு முக்கியம். புது ரகத்தை உருவாக்கியவர் "அல்லது கண்டறிந்தவர்" உரிமை கேட்கலாம். போசன்பர்க் உள்ளே வந்தது இந்த 'அல்லது' வழியாக.

இது நியாயமா? முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. செடியின் குணங்களில் பெரும்பகுதி வான் ஃப்ளீட்டின் வேலை. மீதியை இயற்கை செய்தது. போசன்பர்க் என்ன செய்தார், பார்த்தார்!

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக அவரைத் தள்ள முடியவில்லை. 1910-லிருந்து எத்தனை வேலிகளில் அந்த ரோஜா ஏறியிருக்கும்? அதில் ஒரு கிளை காலம் தவறிப் பூத்தால் எத்தனை பேர் "அட, இந்த வருஷம் மழை நல்லா பெய்ததால போல" என்று நகர்ந்திருப்பார்கள்? கவனிக்கணும், வெட்டி ஒட்டணும், குணம் நிலைக்கிறதா என்று காத்திருக்கணும். இது செய்யாமல் போயிருந்தால் அந்தத் தண்டு ஒரு கவாத்தில் குப்பைக்குப் போயிருக்கும். பிழையைக் கண்டுபிடிப்பவரும் வேலை செய்கிறவர்தான் என்று நம்ம தொழிலில் நமக்கே தெரியும்.

என் வருத்தம் வேறு இடத்தில். கண்டறிந்தவருக்குச் சட்டம் இடம் கொடுத்தது சரி. ஆனால் அந்தச் செடிக்கு அடித்தளம் போட்டவருக்கு அதில் ஒரு வரி இடம்கூட இல்லை. ஒவ்வொரு புது ரகமும் பழைய ரகத்தின் தோள்மேல் ஏறி நிற்கிறது. காப்புரிமை கடைசி ஆளை மட்டும்தான் பார்க்கிறது.

இந்தச் சட்டத்தின் நிழல் நீளமானது. 1980-இல், கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த சக்கரவர்த்திக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த 1930 சட்டத்தையும் அலசியது. 5-க்கு 4 என்ற கணக்கில் தரலாம் என்றது. இந்தியா வேறு வழியில் போனது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவுப்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது. பதிலாக 2001-இல் பயிர் ரகங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அதில் ரகத்தை உருவாக்குபவருக்கு உரிமை உண்டு. விதையைச் சேமிக்க, மீண்டும் விதைக்க, பகிர உழவருக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. முன்னால் உழைத்தவர்களை மறக்காத ஒரு சட்டம் சாத்தியம் என்பதற்காகவாவது அதைக் குறிப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு

'நியூ டான்' காப்புரிமை 1948-இல் காலாவதியானது. ரோஜா ஆகவில்லை. 'அலோஹா', 'பேன்ட்ரி பே', 'பிங்க் பெர்பெச்சுவே' என்று அதைப் பெற்றோராக வைத்து வந்த கொடி ரோஜாக்கள் ஏராளம். உயரமா பூவா என்று யோசிக்கத் தேவையில்லாத காலத்துக்கு அது ஒரு முக்கியமான வாசல். 1997-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதைத் தன் புகழ் வரிசையில் சேர்த்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் யான் பேம் என்பவர் 1930-களில் 'நியூ டான்' செடியிலேயே இன்னொரு ஸ்போர்ட்டைக் கண்டறிந்தார். இதழ்கள் இன்னும் அடர்த்தி. அதன் பெயரின் அர்த்தம் 'விழிப்பு'. கண்டறிந்தவரின் செடியில் இன்னொருவர் கண்டறிந்தார்!

இன்னொன்றும் சொல்லணும். 'நியூ டான்' வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் சில சமயம் ஒரு தண்டு மட்டும் மற்றதைத் தாண்டி வேகமாக மேலே போவதைப் பார்ப்பார்கள். வசந்தத்தில் பூக்கும், பிறகு பூக்காது. செடி பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லி அதை அடியோடு வெட்டச் சொல்வார்கள். தோட்டத்துக்கு அதுதான் சரி.

ஆனால் அந்தத் தண்டு யாருடையது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வெட்டும் முன் அந்த வருஷம் மட்டும் பூக்க விட்டுப் பாருங்கள். அது டாக்டரின் ரோஜா.