செங்கற்சுவரும் நங்கூர ஆணியும்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நடுநாயகமான தெருவின் பெயர் கொழும்புத் தெரு. ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களை அங்குள்ள தெருக்களுக்கு இட்டபோது இலங்கையின் கொழும்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. 2011 பெப்ரவரி 22 அன்று பகல் 12.51 மணிக்கு நிலம் நடுங்கியபோது, அத்தெருவில் பழைய செங்கற்கட்டிடம் ஒன்றின் முகப்புச் சுவர் பேருந்தின் மீதும் நடைபாதையிலும் சரிந்து 12 பேர் மாண்டனர். அந்த நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் ஏறத்தாழ 40 பேர், கம்பி வைத்துக் கட்டாத இத்தகைய செங்கற்கட்டிடங்கள் இடிந்ததால் இறந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்டிடத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்பதுதான் கொடுமை.

கட்டமைப்புப் பொறியியலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி வேறொரு விதத்திலும் உறைத்தது. செங்கற்சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். வெளிப்புறமாக இழுத்தால் தாங்காது. அதைத் தளத்தோடும் கூரையோடும் பிணைத்து வைப்பது நங்கூர ஆணிதான். அந்தப் பிணைப்பு இல்லாத சுவர் தனியே நின்று ஆடும், பிறகு விழும்.

புதுச்சுவரில் வேலை எளிது. உள்ளீடற்ற கான்கிரீட் கற்களை அடுக்கி, கம்பி நிறுத்தி, உட்குழியில் கலவை ஊற்றும்போதே தலையுள்ள ஆணியைப் பதித்துவிடலாம். ஆணியை இழுத்தால் சுவர் கூம்பு வடிவில் பிய்ந்து வரும் என்று கொண்டு கணக்கிடுகிறோம். கூம்பின் அடிவட்டத்துக்கு ஆரம், ஆணி பதிந்த ஆழமே. ஆகவே ஆழம் 100 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆனால் பரப்பு இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஆணியைத் தடிமனாக்குவதை விட ஆழமாக்குவதே பெரும்பாலும் பயன் தரும். ஓரத்துக்கு அருகே பதித்தால் கூம்பின் ஒரு பகுதி காற்றில் போய்விடும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய சுவரில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சுண்ணாம்புச் சாந்து நகத்தால் கீறினாலே உதிரும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கூம்பு எங்கே வரும்? ஒற்றைச் செங்கல் மட்டும் ஆணியோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும். துளையிட்டுப் பிசின் ஊற்றி ஆணி பதிப்பது இன்று வழக்கம். துளையில் தங்கும் செங்கற்பொடி அதன் பெரும் எதிரி. தூரிகையால் தேய்த்து, காற்று ஊதி, மறுபடியும் தேய்க்க வேண்டும். மாலை நேரத்தில் களைத்த பணியாளர் முதலில் விடுவது இந்த வேலையைத்தான். இடையில் வெற்றிடம் விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர் என்றால், உள்சுவரில் மட்டும் நிற்கும் ஆணி வெளிச்சுவரைக் காப்பாற்றாது. கிறைஸ்ட்சர்ச்சில் ஆழம் போதாத பிசின் ஆணிகள் பல உருவிக்கொண்டு வந்தன. சுவரை ஊடுருவிச் சென்று வெளியே இரும்புத் தகட்டோடு முடியும் கம்பிகள் பொதுவாக அவற்றைவிட நன்றாகத் தாங்கின.

தகடு புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1886 நிலநடுக்கத்துக்குப் பின் வீடுகளின் குறுக்கே செலுத்திய இரும்புக் கம்பிகளின் தகடுகளை இன்றும் வெளிச்சுவர்களில் காணலாம்.

மிகவும் தொல்லை தருவது கைப்பிடிச் சுவர். கீழே உள்ள செங்கற்களை மேலிருக்கும் சுவரின் எடை அழுத்திப் பிடிக்கிறது; உச்சியில் அந்த எடை இல்லை, உராய்வும் இல்லை. ஆட்டமோ அங்கேதான் அதிகம். ஆகவே அங்கே பிசின் ஆணியை மட்டும் நம்பும் வரைபடத்தை நான் ஏற்பதில்லை. தகடு வைத்தால் முகப்பின் அழகு கெடும் என்று உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள். வட்டமாகவோ நட்சத்திர வடிவிலோ வார்த்துத் தரலாம் என்று சமாதானம் சொல்வேன்.

2016 நவம்பரில் கைகோரா நிலநடுக்கம் வந்தபின், வெலிங்டன் உள்ளிட்ட சில இடங்களில் மக்கள் நடமாடும் தெருக்களை ஒட்டிய செங்கல் முகப்புகளையும் கைப்பிடிச் சுவர்களையும் கெடுவுக்குள் பிணைக்க வேண்டும் என்று நியூசிலாந்து அரசு 2017இல் ஆணையிட்டது. கட்டிடம் முழுவதையும் வலுப்படுத்தப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். தெருவில் நடப்பவர் தலைமேல் விழக்கூடியதை முதலில் கட்டிப்போட அவ்வளவு வேண்டியதில்லை.

பழைய சுவரில் வேலை தொடங்குமுன் சில ஆணிகளைப் பதித்து, நீரழுத்தக் கருவியால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒருமுறை, வரைபடத்தில் தாராளமாகப் போதும் என்றிருந்த ஆணி, குறித்த விசையில் பாதியைக்கூட எட்டுமுன் முழுச் செங்கல்லோடு கையில் வந்தது. அன்று மாலையே வரைபடத்தை மாற்றினேன்.