நானூறாவது பூனை

மினமாட்டா எண்டதும் பாதரசம், விஷ மீன் எண்டு படிச்சிட்டுப் போயிடுறம். எங்களுக்கு உறுத்துறது வேற விசயம்: தெரிஞ்சிருந்தும் நிறுத்தேல்லை.

யப்பானின் அந்தக் கரையோர ஊரில், மீன் தின்ற பூனைகள்தான் முதலில் தள்ளாடிச் செத்தன. பிறகு மீனவக் குடும்பங்கள். 1956 மே 1 இல் சிஸோ தொழிற்சாலையின் சொந்த வைத்தியசாலையே இந்த விளங்காத நோயை அறிவித்தது. தொற்றுநோய் எண்டு பயந்து அயலவர்கள் அவர்களை ஒதுக்கினார்கள்.

சிஸோ 1932 முதல் அசற்றல்டிகைட் தயாரித்தது. அதற்கு ஊக்கி பாதரசம். கழிவு நேரே வளைகுடாவுக்கு. தண்ணியில மெதைல் பாதரசம் கொஞ்சம்தான். ஆனால் மிதவையுயிர், சிறுமீன், பெருமீன் எண்டு படிப்படியாச் செறிந்து சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். தாயின் கருவுக்குள்ளும் போகும்.

1958 இல் கழிவுவாய்க்காலை ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றினார்கள். நோய் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கும் பரவியது!

1959 இல் வைத்தியசாலை இயக்குநர் ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். இலக்கம் 400. அதுக்கும் அதே வலிப்பு. நிறுவனம் முடிவை மறைத்தது. டிசம்பரில் நோயாளிகளுக்கு 'அனுதாபப் பணம்' கொடுத்து, பிறகு குற்றம் நிரூபணமானாலும் மேற்கொண்டு கேட்கமாட்டோம் எண்டு ஒப்பமும் வாங்கியது.

கழிவு நின்றது 1968 இல். ஹோசோகாவா 1970 இல் நோய்ப்படுக்கையில் இருந்தபடி அந்தப் பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார். 1973 இல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது எண்டது.