இசைக்கு உருவம் தேடியவர்

இசை செவிக்கு உரியது; ஓவியம் கண்ணுக்கு உரியது. தீட்டிய ஓவியம் சுவரில் நிலைத்து நிற்கும். எழுந்த இசையோ எழுந்த கணமே மறைந்துவிடும். எனினும், வானொலிப் பெட்டியின் முன் கண்களை மூடியிருந்து பல வாத்தியங்கள் சேர்ந்தொலிக்கும் இசையைக் கேட்பவர்க்கு, மூடிய இமைகளுக்குள்ளே ஏதோ அசைவது போலத் தோன்றுவது உண்டு. சுரம் ஏறும்போது ஒரு கோடு ஏறுவதாகவும், முழவு அதிரும்போது ஒரு வட்டம் விரிந்து கலைவதாகவும் உள்ளம் கற்பனை செய்கிறது. தனியொருவர் உள்ளத்தில் எழும் இவ்வசைவைப் பலருங் காணுமாறு வரைந்து காட்டுதல் கூடுமா? இவ்வினா மேனாட்டவரை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஈர்த்து வந்துள்ளது. அதற்கு விடை காண்பதிலே தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் முதன்மையானவர் ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் மறைந்த ஒஸ்கார் பிஷிங்கர் என்பவர்.

அவருக்கு முன் நிகழ்ந்த முயற்சிகள் இரண்டை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. அறிவியலறிஞர் நியூட்டன் 1704ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலில், வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு சுரங்களோடு ஒப்பிட்டிருந்தார். நிறத்துக்கும் சுரத்துக்கும் உறவுண்டு என்னும் எண்ணம் பரவியிருந்த அக்காலத்தில், 1725இல், பிரான்சு தேசத்து இயேசுசபைத் துறவியான லூயி பெர்ட்ரான் காஸ்டெல் என்பவர் கண்ணுக்குரிய இசைக்கருவி ஒன்றைச் செய்யலாம் என அறிவித்தார். விசையை அழுத்தினால் சுரம் ஒலிப்பதற்குப் பதிலாக நிறம் தோன்றவேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் அக்கருவியோடு போராடினார். உலகு மெச்சும் வகையில் அஃது ஒருபோதும் நிறைவெய்தவில்லை. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ருசிய இசையமைப்பாளர் ஸ்கிரியாபின் தமது 'புரொமீதியஸ்' என்னும் பல்லிய இசையில் வாத்தியங்களுக்கு உரிய வரிகளோடு நிற ஒளிக்கும் ஒரு வரி எழுதிவைத்தார். 1915ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் கார்னகி மண்டபத்தில் அவ்விசை நிற ஒளிகளோடு அரங்கேறியது.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரு குறை இருந்தது. ஒரு சுரத்துக்கு ஒரு நிறம் என்று வகுத்துவிடுவதால் இசை கண்ணுக்குப் புலனாகிவிடாது. சுரங்கள் ஒன்றை ஒன்று தொடர்ந்தும், விரைந்தும், தயங்கியும், ஒன்றோடொன்று பின்னியும் செல்லும் நடையிலேதான் இசையின் உயிர் இருக்கிறது. நிறம் மாத்திரம் மாறினாற் போதாது. உருவம் காலத்தோடு நடக்கவும் வேண்டும். காலத்தோடு நடக்கும் ஓவியத்தை உலகுக்கு அளித்தது சினிமா. 1921இல் வால்டர் ருட்மன் என்னும் ஜேர்மன் ஓவியர், கதையும் மாந்தரும் இன்றி, வண்ண உருவங்கள் மாத்திரம் அசைந்தாடும் சிறு படமொன்றைத் தயாரித்து, அதற்கென இயற்றிய இசையோடு மக்களுக்குக் காட்டினார். பிராங்பேர்ட் நகரில் அதனைக் கண்ட இளைஞருள் ஒருவரே பிஷிங்கர்.

1900ஆம் ஆண்டு கெல்ன்ஹவுசன் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் தேவாலயங்களுக்குரிய ஓர்கன் செய்யும் தொழிலகத்திற் சிறிது காலம் பயின்றார். எத்தனை நீளக் குழாய்க்கு எத்தகைய ஒலி என்னும் கணக்கு அத்தொழிலின் அடிப்படையாகும். பின்பு பொறியியல் கற்றுத் தேறினார். அளவும் கணக்கும் அறிந்த கையும், உருவங்களில் தோய்ந்த கண்ணும் ஒருவரிடத்தே அமைந்தன.

1928ஆம் ஆண்டு முதல் பெர்லினில் ஒரு பெரும் படத்துக்கான தந்திரக் காட்சிகளை அமைத்துக் கொண்டிருந்தபோது அவருடைய கணுக்கால் முறிந்தது. படுக்கையிற் கிடந்த காலத்தில் அவர் வெள்ளைத்தாளிற் கரித்துண்டினால் வரையத் தொடங்கினார். இவ்வாறு பிறந்தவையே 'பயிற்சிகள்' என எண்ணிட்டு அவர் வெளியிட்ட சிறு படங்கள். பேசும்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே இரண்டரை நிமிட இசைக்கு 3,600 படங்கள் வேண்டும். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, எந்தச் சுரம் எந்த வினாடியில் எழுகிறது எனக் கணித்து, அதற்கேற்ப ஒவ்வொரு தாளாக அவர் வரைந்தார். அவற்றை நிழல் வெளிச்சமாகவும் வெளிச்சம் நிழலாகவும் மாறுமாறு அச்சிட்டபோது, கரிய வானில் வெண்ணிறக் கோடுகளும் பிறைகளும் பறவைக் கூட்டம் போலப் பறந்தன. 1931இல் வெளிவந்த ஏழாம் பயிற்சி, பிராம்ஸ் இயற்றிய ஹங்கேரிய நடன இசைகளுள் ஐந்தாவதற்கு அமைந்தது. வயலின்கள் விரையும்போது கோடுகள் விரைந்து வளைகின்றன. இசை தயங்கும்போது அவையும் தயங்குகின்றன. எட்டாம் பயிற்சிக்கு அவர் தெரிந்தெடுத்தது போல் டுக்காஸ் இயற்றிய 'மந்திரவாதியின் சீடன்' என்னும் பல்லிய இசை. அதன் பிற்பகுதிக்கு உரிமை பெற இயலாமையால் அப்படம் பாதியில் நின்றது.

ஒலிக்கு உருவம் வரைந்த அவரே, உருவத்திலிருந்து ஒலியைப் பிறப்பிக்கவும் 1932இல் முயன்றார். பேசும்படச் சுருளின் ஓரத்திலே ஒலி, நுண்ணிய ஒளிக் கோடுகளாகப் பதிந்திருக்கும். அவ்விடத்திற் குரலையோ வாத்தியத்தையோ பதியாமல், தாம் வரைந்த கோலங்களைப் படம் பிடித்து ஓட்டினார். கோலங்கள் பாடின. கோலத்தின் வடிவம் மாறியபோது ஒலியின் தன்மையும் மாறியது. கண்ணுக்கும் செவிக்கும் இடையிலுள்ள சுவர் எத்துணை மெல்லியது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். பொருள்களை உள்ளவாறு வரையாத ஓவியம் யாவும் சீரழிந்த கலை என்று அவ்வாட்சி பழித்தது. அத்தகைய சூழலிலும் பிஷிங்கர் 1935இல், நிக்கொலாய் என்பாரின் இசைநாடக முகவுரை ஒன்றுக்கு 'நீலத்தில் ஓர் அமைப்பு' என்னும் வண்ணப்படத்தை உருவாக்கினார். அது கடல்கடந்து புகழ் பெற்றது. ஹொலிவூட்டிலிருந்து பராமவுண்ட் நிறுவனம் அவரை அழைத்தது. 1936 பெப்ரவரியில் அவர் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார்.

அடக்குமுறையிலிருந்து தப்பினார், ஆனால் அவருக்கு வேண்டிய உரிமை அங்கும் எளிதிற் கிடைக்கவில்லை. வண்ணத்தை எண்ணி அவர் அமைத்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடப் போவதாக அந்நிறுவனம் கூறிற்று. அவர் விலகினார். பின்பு எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக, லிஸ்ட் இயற்றிய இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடிக்கு 'ஒளிக் கவிதை' என்னும் படத்தைச் செய்தார். மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்ட காகித வட்டங்களை ஒரு கோலினால் அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாகப் பிடித்தார். ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும் அப்படத்துக்குப் பதினாயிரம் நகர்வுகள் தேவைப்பட்டன. அவ்வேலையிற் சில நாள் துணைநின்ற இளைஞர் ஒருவர், பிற்காலத்திற் பெரும் இசையமைப்பாளராகிய ஜோன் கேஜ். ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓர் ஆன்மா உறைகிறது, அதனைத் தட்டி ஒலிக்கச் செய்தால் அது விடுதலை பெறும் என்னும் கருத்தைப் பிஷிங்கரிடமே பெற்றதாகவும், அதுவே தம்மைத் தாள வாத்தியங்களின்பால் திருப்பிற்று எனவும் கேஜ் பின்னாளில் நன்றியோடு கூறினார்.

1938ஆம் ஆண்டின் இறுதியில் வால்ட் டிஸ்னியின் கலைக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. பல்லிய இசையையும் ஓவியப்படத்தையும் இணைக்கும் 'பன்டேசியா' அங்கு உருவாகிக் கொண்டிருந்தது. லியோபோல்ட் ஸ்டொகொவ்ஸ்கி நடத்த, பிலடெல்பியா பல்லியக் குழு வாசித்தது. முதற்பகுதியாகிய பாக் இயற்றிய டொக்காட்டா, பியூக் என்னும் இசைக்கு உருவங்களை வகுக்கும் பணி பிஷிங்கரிடம் வந்தது. அவருக்கோ ஆங்கிலம் நன்கு வாராது. ஒருவர் வரைந்ததைப் பலர் கூடித் திருத்தும் வழக்கமும் அவருக்குப் புதிது. அவர் வகுத்த உருவங்கள் காண்போருக்கு விளங்கவேண்டும் என்ற எண்ணத்தினால், வயலின் வில்லாகவும் முகிலாகவும் அலையாகவும் மாற்றப்பட்டன. 1939 அக்டோபரில் அவர் அப்பணியை விட்டார். அப்பகுதியைத் தம் படைப்பு என அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

டிஸ்னியின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் வேண்டும். 1940 நவம்பர் 13ஆந் திகதி நியூயோர்க்கில் முதன்முறை திரையிடப்பட்ட அப்படம், இசையரங்கின் வாயிலையே மிதித்தறியாத எண்ணிறந்த மக்களுக்குப் பாக்கையும் பீதோவனையும் அறிமுகஞ் செய்தது. பல திசைகளிலிருந்தும் இசை எழுமாறு ஒலிபெருக்கிகளை அமைத்த அதன் முறை அக்காலத்துக்குப் பெரும் புதுமை. பிஷிங்கரின் படத்தில் பாதியில் நின்ற 'மந்திரவாதியின் சீடன்', இங்கே மிக்கி எலியின் குறும்பாக முழுமை பெற்றுப் பலரையும் மகிழ்வித்தது. ஆயினும் அம்முறையிற் கேடும் இருந்தது. பழங்கால ருசிய மக்களின் வேனிற் சடங்கை எண்ணி ஸ்ட்ராவின்ஸ்கி இயற்றிய இசைக்கு, உலகின் தோற்றமும் பழைய ஊர்வனவற்றின் அழிவும் காட்டப்பட்டன. இசையமைப்பாளர் பின்னர் அதனைக் கடிந்தார். அப்படத்தைக் கண்டவர் அவ்விசையைக் கேட்குந்தோறும் பெரும் பல்லிகளே நினைவில் வந்து நிற்குமாயின், காட்சி இசைக்கு விளக்கேற்றியதா, அன்றி அதனை மறைத்ததா என்று ஐயுற இடமுண்டு.

பிஷிங்கர் இவ்வினாவுக்குத் தம் விடையை 1947இல் அளித்தார். 'அசையும் ஓவியம் முதலாவது' என்னும் அப்படத்துக்கு அவர் தேர்ந்த இசை, பாக்கின் மூன்றாம் பிரண்டன்பேர்க் கொன்செர்ட்டோ. தெளிந்த பிளாஸ்டிக் பலகையில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்றுத் தீற்றுவார், உடனே ஒரு படம் பிடிப்பார், அடுத்த தீற்று, அடுத்த படம். மாதக்கணக்காக இவ்வேலை நடந்தது. படச்சுருள் கழுவி வரும்வரை தாம் செய்தது சரியா பிழையா எனக் காண வழியில்லை. பதினொரு நிமிடம் ஓடும் அப்படத்திற் சுரத்துக்குச் சுரம் உருவம் துள்ளுவதில்லை. இசை தன் வழியே செல்கிறது. ஓவியம் தன் வழியே வளர்கிறது. இரண்டும் ஒரே சாலையிற் செல்லும் இரு நண்பர்களைப் போல ஒன்றையொன்று உணர்ந்து நடக்கின்றன. சுரத்தோடு ஒட்டி ஆடும் படத்தை எதிர்பார்த்துப் பொருளுதவி செய்தவர்களுக்கு இது மனநிறைவு தரவில்லை. ஆனால் 1949இல் பெல்ஜியத்தில் நடந்த அனைத்துலகப் பரிசோதனைப் படப் போட்டியில் முதற்பரிசு இதற்கே கிடைத்தது.

பரிசு வந்தது, பணம் வரவில்லை. 1967இல் இறக்கும்வரை அவராற் படங்கள் பல எடுக்க இயலவில்லை. ஓவியந் தீட்டினார், கையின் அசைவால் ஒளியை இயக்கும் கருவி ஒன்றுக்கு 1955இல் காப்புரிமை பெற்றார். அவருடைய துணைவியார் எல்பிரீட் அவர் விட்டுச்சென்ற படச்சுருள்களைப் பேணிக் காத்தார். 1990இல் பன்டேசியாவையும் 1997இல் 'அசையும் ஓவிய'த்தையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நாடு பாதுகாக்க வேண்டிய திரைப்படங்களின் பட்டியலிற் சேர்த்தது. வாழ்நாளிற் பிரிந்து நின்ற இரு நெறிகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன.

கணினி வந்தபின் இக்கலை பலர் கைக்கும் எட்டியது. பல்லிய இசையின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, ஏறும் சுரத்தை மேலேயும் இறங்கும் சுரத்தைக் கீழேயும் வைத்து, இசையோடு நகரும் வண்ணக் கோடுகளாகக் காட்டும் படங்கள் 1980களில் தோன்றின. இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாத சிறுவரும், ஒரு மெட்டு வயலினிலிருந்து குழலுக்குக் கைமாறுவதை அவற்றிற் கண்டு பின்தொடர்கின்றனர். பதினாயிரம் முறை காகித வட்டத்தை நகர்த்திய கைகளின் உழைப்பைப் பொறி தன் மேல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் எந்த உருவத்தை எந்த ஒலிக்கு அருகில் வைப்பது என்பதை இன்றும் மனிதரே தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய படம் நல்லதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. படம் முடிந்தபின், கண்களை மூடிக்கொண்டு அவ்விசையை மீண்டும் ஒருமுறை தனியே கேட்கவேண்டும் என்னும் ஆவல் எழுகின்றதா? எழுமாயின், முன்பு கேளாத ஒரு வாத்தியத்தின் குரலை அப்படம் செவிக்குக் காட்டித் தந்துவிட்டது என்பது உறுதி. பிஷிங்கர் தம் கூலியையும் பதவியையும் துறந்து வேண்டி நின்றது இதுவே.